கண்ணாடிப் பெட்டிக்குள் என் பிள்ளையார் சுழி

உ

மகளே, இந்தக் கடிதத்தின் தலையில் இருப்பதைக் கண்டிருப்பாய். ஆறு வருடத்துக்குப் பிறகு என் கை அதைப் போட்டிருக்கிறது. போட்டுவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். உன் அம்மா குசினியில் பருப்புக்குத் தாளிக்கிறார், வேறு ஒருவரும் இல்லை. சொந்த வீட்டில், சொந்தப் பேனையால், சொந்தப் பிள்ளைக்கு எழுதும் கடிதத்தில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டு ஒரு மனுசன் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறான் என்றால், அவனுக்கு எவ்வளவு பயம் இருக்க வேண்டும் என்று யோசித்துப் பார். அந்தப் பயத்தின் கதையைத்தான் எழுதப்போகிறேன். பாதிக் கதை உனக்குத் தெரியும். மற்றப் பாதியை நான் ஒளித்து வைத்திருந்தேன்.

போன மாதம் நீ ரீச்சர் வேலைக்குச் சிட்னிக்கு வெளிக்கிட்ட காலையில், ஸ்பென்சர் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் நான் வாய் ஓயாமல் புத்தி சொல்லிக்கொண்டு நின்றேன். அறைக் கதவை இரண்டு தரம் பூட்டிப் பார், பள்ளிக்கூடத்தில் பெரிய ரீச்சரோடு வாக்குவாதப்படாதே, எந்தக் கடதாசியிலும் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதே. நீ ரயில் வாசலில் நின்று எல்லாவற்றுக்கும் "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்றாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாய்: "அப்பா, இவ்வளவு சொல்லுறீங்கள். நான் ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு அந்த நூலகத்தில எல்லாருக்கும் முன்னால ஏன் என்னைப் பொய்க்காரி எண்டு சொன்னனீங்கள்?" நான் வாயைத் திறக்க முதல் ரயில் அசைந்தது. கை காட்டினேன். நல்லவேளை வெளிக்கிட்டது என்று மனதுக்குள் நினைத்தேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். "பிள்ளை கடைசியா என்ன கேட்டவள்?" என்று அம்மா கேட்டார். "சிட்னியில மழையோ எண்டு கேட்டவள்" என்றேன். அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நீ கேட்டது அவருக்குக் கேட்டிருக்கும்.

அந்த நூலகம் எப்படி வந்தது என்று உனக்கு நான் விளக்கமாகச் சொன்னதில்லை. அமெரிக்காவில் ஒரு ஜனாதிபதி பதவியால் இறங்கினால், அவர் பெயரில் ஒரு நூலகமும் அருங்காட்சியகமும் கட்டி, அவர் எழுதிய துண்டுக் கடதாசி முதல் கழற்றிப்போட்ட சப்பாத்து வரை வைத்துப் பாதுகாப்பார்களாம். அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த சில பெரிய மனிதர்கள், நம்மிடம் ஜனாதிபதி இல்லாவிட்டால் என்ன, பிரதமர் இருக்கிறார்தானே என்று, காலமான ஒரு பிரதமரின் பெயரில் மெல்பேர்ணிலும் ஒன்றைத் தொடங்கினார்கள். பெரியவர் என்றுதான் நான் அவரைச் சொல்வது வழக்கம். அவர் குடியிருந்த மாடிவீட்டில் மேலே நூலகம், கீழே அருங்காட்சியகம். யாழ்ப்பாணக் கச்சேரியில் இருபது வருடம் அரசாங்கக் கிளாக்கராக இருந்துவிட்டு, இங்கே வந்து ஏழு மாதம் பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டியவன் நான். எழுபத்துமூன்றாம் ஆண்டு எனக்கு அங்கே வேலை கிடைத்தது. பெரியவரின் கடதாசிகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். ஒவ்வொரு பெட்டியையும் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் எழுத வேண்டும். கதிரை, மேசை, கடதாசி. எனக்கு வேறு என்ன வேண்டும்? மேசைக்கு மேலே சுவரில் ஒரே ஒரு சட்டம் தொங்கியது: இந்த அறைக்குள் பென்சில் மட்டும், பேனை கொண்டுவரக் கூடாது.

அப்போது எங்களுக்கு இந்த நாட்டில் ஒரு வருடத்துக்குத்தான் அனுமதி. நிரந்தரமாக இருக்கக் கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தோம். வேலையிடத்திலிருந்து என்னைப் பற்றி நல்லபடியாக ஓர் அறிக்கை போக வேண்டும். அதை எழுத வேண்டியவர் நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்த மார்கரெட். நல்ல மனுசி, ஆனால் சிரித்துக்கொண்டே பிழை பிடிப்பார். வெள்ளைத் தோல் இல்லாதவர்களுக்கு இந்த நாட்டின் கதவு திறந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. எந்த நேரமும் திரும்பச் சாத்திவிடுவார்கள் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிளேட்டனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் யாராவது கதவைத் தட்டினால், நான் கதவைப் பார்க்க மாட்டேன், கடவுச்சீட்டுகள் வைத்திருந்த மேசை லாச்சியைத்தான் பார்ப்பேன். அதைப் பார்த்து நீ சிரிப்பாய். ஊரில் வீட்டை விற்றுவிட்டு வந்தவர்கள் நாங்கள். திருப்பி அனுப்பினால் பெட்டியை இறக்கி வைக்க ஓர் இடமும் இல்லை.

இனி உனக்குத் தெரியாத பாதி. ஆடி மாதம், நல்ல குளிர். கச்சேரியில் கூட வேலை செய்தவர்கள் பிரியாவிடைக்குத் தந்த மைப்பேனை எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். சட்டம் தெரியாமல் இல்லை, ஸ்வெட்டருக்குள்ளே மறைந்து இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்ற துணிவு. வெளிக் குளிரிலிருந்து சூடான அறைக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. கழற்றி மேசையில் வைத்தேன். பதினாலாம் பெட்டியை முதல்நாளே திறந்து, கடதாசிகளை வெளியே எடுத்து வைத்திருந்தேன். பட்டியல் எழுதுவதற்கு வெற்றுத் தாள் என்று நினைத்து ஒன்றை இழுத்தேன். கை தன்பாட்டில் ஸ்வெட்டருக்குள் போனது, பேனையைத் திறந்தது, தாளின் தலையில் நடுவாகப் பார்த்துப் பிள்ளையார் சுழியைப் போட்டு, கீழே இரண்டு கோடும் இழுத்தது. இருபது வருடமாக ஒவ்வொரு காலையும் செய்து பழகிய கை, என்னை ஒரு சொல் கேட்கவில்லை. பிறகு ஆறுதலாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சுழிக்கு நாலு விரல் கீழே, மங்கிப்போன பென்சில் எழுத்தில், "என் அன்பு மகனே" என்று இங்கிலீசில் இருந்தது. பெரியவரின் கையெழுத்து.

ஐயோ முருகா! தூரத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்ட மகனுக்குப் பெரியவர் எழுதத் தொடங்கி, ஆறு வரியோடு நிறுத்தி, அனுப்பாமல் வைத்த கடிதம் அது. ஒற்றுத்தாளால் ஒற்றிப் பார்த்தேன். மை ஊறிவிட்டது. கிழித்துச் சப்பித் தின்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன், மகளே. பகிடி விடவில்லை, வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்விட்டேன். அந்த நேரம் மார்கரெட் மாடிப்படியில் ஏறிவரும் சத்தம் கேட்டது. தாளை உறைக்குள் வைத்து, பென்சிலால் பட்டியலில் எழுதினேன்: ஒன்பதாவது, கடிதம், முடிக்கப்படாதது, ஒரு தாள். எழுத்து ஒழுங்காகத்தான் இருந்தது. பயந்தால் என் எழுத்து இன்னும் அழகாக வரும், அதுதான் கச்சேரிப் பழக்கம்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு மட்டும் சொன்னேன். "உங்களுக்கென்ன விசரே? பேனை கொண்டு போகாதேங்கோ எண்டு எழுதிப் போட்டிருக்கெல்லே?" என்று பேசிவிட்டு, பேனையைப் பறித்துச் சேலை மடிப்புக்குள் வைத்து அலுமாரியைப் பூட்டினார். பிறகு வந்து என் பக்கத்தில் இருந்தார். "இஞ்சாருங்கோ, ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ. முதல்ல அந்தக் கடதாசி கைக்கு வரட்டும்." கடதாசி என்றால் நிரந்தர அனுமதி. அந்த நாளில் எங்கள் வீட்டில் எல்லாமே அந்தக் கடதாசி வந்த பிறகுதான் என்று இருந்தது. உனக்குச் சைக்கிள் வாங்குவதுகூட.

என் கெட்ட காலம், நூற்றுக்கணக்கான கடதாசிகளுக்குள் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்கு மார்கரெட் தெரிந்தெடுத்தது அந்த ஒரு தாளைத்தான். நாட்டை ஆண்ட ஒருவர் தன் பிள்ளைக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் நிறுத்தியதைப் பார்த்தால் சனத்துக்கு மனம் இளகும் என்றார். கடிதத்துக்குக் கீழே ஓர் அட்டையும் வைத்தார்: மேலே உள்ள குறி, பெரியவர் தம் அந்தரங்கக் கடிதங்களுக்கு மட்டும் இட்ட அடையாளம் என்று கருதப்படுகிறது. பெரியவருக்கு மீன்பிடியில் விருப்பம் என்பதால் அது தூண்டில் கொக்கியாக இருக்கலாம் என்று யாரோ படித்த மனிதர் வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தார். மார்கரெட் அட்டையை என்னிடம் காட்டி, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று கேட்டார். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை என்றேன். அது உண்மைதானே?

திறப்பு விழா முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வேலை செய்கிறவர்களின் குடும்பங்களுக்குத் தேநீர் விருந்து. போகாமல் விடுவோம் என்றேன். போகாவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று அம்மா சொன்னார். நீலக் காஞ்சிபுரம் சேலைக்கு மேலே மண்ணிற ஓவர்கோட்டைப் போட்டு, கீழே தெரிந்த அரைச் சாண் சரிகையைத் தவிர சேலை கட்டியதற்கு வேறு சாட்சியே இல்லாமல் அம்மா வந்தார். உனக்குப் பதினாலு வயது, புது வெள்ளைச் சப்பாத்து. பெரியவரின் தூண்டில்கள், பெரியவரின் தொப்பிகள், ஏதோ ஒரு நாட்டு மன்னர் கொடுத்த வெள்ளிப் பெட்டி என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தேன். நாலாவது கண்ணாடிப் பெட்டிக்குக் கிட்ட வந்ததும் "அங்க கேக் முடியப்போகுது, கெதியா வாங்கோ" என்று உங்கள் இருவரையும் திருப்பினேன். அம்மா திரும்பினார். நீ என் கைக்குக் கீழால் நழுவிப் போனாய்.

"அப்பா! இஞ்ச ஓடி வாங்கோ! உங்கட பிள்ளையார் சுழி!"

அந்தக் குரல் இன்றும் என் காதில் இருக்கிறது. எவ்வளவு சந்தோசம் அதில்! இந்த நாட்டில், இவ்வளவு பெரிய கட்டிடத்துக்குள், உன் வீட்டுப் பொருள் ஒன்றை நீ கண்டுபிடித்திருந்தாய். ஒவ்வொரு வருடமும் புதுக் கொப்பி வாங்கியவுடன் முதல் பக்கத்தில் என்னிடம் சுழி போட்டு வாங்குகிறவள் நீ. என் சுழியின் வால் வலப்பக்கம் போய் மேலே கிளம்பி ஒரு சின்னக் கொக்கியாக மடங்கும், கீழே இரண்டாவது கோடு முதல் கோட்டைவிடக் குட்டையாக இருக்கும். உலகத்தில் அதை இனங்காணக்கூடிய ஒரே ஆள் நீதான். மார்கரெட் கையில் கோப்பையோடு வந்து, பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேட்டார். இது என் அப்பா போட்டது, என் கொப்பியிலெல்லாம் இதைத்தான் போடுவார் என்று நீ இங்கிலீசில் பெருமையாகச் சொன்னாய். சுற்றி நின்ற பத்துப் பன்னிரண்டு பேரும் திரும்பினார்கள். "அப்படியா?" என்று மார்கரெட் என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் சந்தேகம் இருக்கவில்லை, வெறும் ஆவல்தான் என்று இன்று விளங்குகிறது. அன்று எனக்கு அதில் விமானமும் மூன்று கடவுச்சீட்டும் தெரிந்தன.

நான் சிரித்தேன். இவளுக்குக் கற்பனை கொஞ்சம் கூட, வீட்டிலும் இப்படித்தான் கதை கட்டுவாள் என்று இங்கிலீசில் சொன்னேன். நீ விடவில்லை. இல்லை, உண்மையாகத்தான் என்று, கண்ணாடியில் விரலை வைத்து வாலையும் குட்டைக் கோட்டையும் காட்டத் தொடங்கினாய். உன் கையைப் பிடித்து இழுத்தேன். "வாயை மூடு, பொய்க்காரி" என்றேன். தமிழ் தெரியாதவர்களுக்கும் அது விளங்கியது. பிறகு "அன்ரியிட்ட மன்னிப்புக் கேள்" என்றேன். நீ என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாய். என் கை நடுங்கியது உன் கைக்குத் தெரிந்திருக்கும். நீ இங்கிலீசில், நான் கதை கட்டிவிட்டேன், மன்னியுங்கள் என்றாய். மார்கரெட் உன் தலையைத் தடவி, கேக்கில் பெரிய துண்டாகப் பார்த்துத் தந்தார். நீ அதைச் சாப்பிடவில்லை. கடதாசியில் சுற்றி வீடு வரை கொண்டுவந்து, நான் பார்க்க, குப்பை வாளிக்குள் போட்டாய்.

ரயில் ஹண்டிங்டேல் ஸ்டேஷனைத் தாண்டும்போது, அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு "என்ர பிள்ளை பொய் சொல்லுறேல்லை" என்றார். அவ்வளவுதான். அடுத்த தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கியபோது புதுக் கொப்பிகள் வந்தன. நீ என்னிடம் கொண்டுவரவில்லை. மண்ணிறக் கடதாசியால் நீயே உறை போட்டு, நீயே பெயர் எழுதி, பையில் அடுக்கினாய். அலுமாரியிலிருந்து பேனையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு நான் கதிரையில் காத்திருந்தேன். அன்றிலிருந்து நானும் எந்தக் கடதாசியிலும் சுழி போட்டதில்லை. போட முடியவில்லை. பிள்ளையார் என்ன நினைத்தாரோ தெரியாது.

அந்தக் கடதாசி எட்டு மாதத்தில் வந்தது. அடுத்த நாளே உனக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். குடியுரிமை எடுத்த பிறகு சொல்வோம் என்று நினைத்தேன். குடியுரிமை வந்தது. பதவி உயர்வு வரட்டும் என்று நினைத்தேன். அதுவும் வந்தது. பென்சன் உறுதியாகட்டும் என்று தொடங்கினேன். பயத்துக்கு ஒவ்வொரு வருடமும் நான் புது வேலை தேடிக் கொடுத்தேன், அது ஒருநாளும் லீவில் போகவில்லை. கிளேட்டன் வீட்டுக் கதவைத் தட்டும் சத்தத்துக்குப் பயந்தவன், பிறகு தொலைபேசி அடித்தால் பயந்தேன், மார்கரெட் என் பெயரைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லிக் கூப்பிட்டால் பயந்தேன். எல்லாரையும்விடப் பயந்தது உனக்கு. சாப்பாட்டு மேசையில் நீ தலையை நிமிர்த்தினால், இதோ கேட்கப்போகிறாள் என்று உப்பைக் கேட்பேன், தண்ணீரைக் கேட்பேன். நீ ஆறு வருடம் கேட்கவில்லை.

இன்னொரு ஆளைப் பற்றியும் எழுத வேண்டும். அந்தக் கடிதம் எழுதப்பட்ட மகன் உயிரோடு இருக்கிறார். அறுபது வயது தாண்டிய மனுசன். ஒவ்வொரு வருடமும் தகப்பனின் பிறந்தநாளுக்கு வந்து, நாலாவது கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார். மூன்று வருடத்துக்கு முன்னம், பக்கத்தில் வேறு ஒருவரும் இல்லாததால் என்னிடம் பேசினார். என் தகப்பன் எனக்கு ஒரு கடிதமும் போட்டதில்லை, இதையும் அனுப்பவில்லை, ஆனால் பார், ஆறு வரி எழுத முதல் எனக்காக ஒன்றைக் கீறியிருக்கிறார் என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. உனக்கு அது என்ன மாதிரித் தெரிகிறது என்று என்னைக் கேட்டார். பார்க்க நன்றாக இருக்கிறது என்றேன். மகளே, என் கிறுக்கலை நானே புகழ்ந்துவிட்டு, கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு, அவர் வரும் நாட்களில் எனக்குத் தடிமனும் தலையிடியும் தவறாமல் வரும்.

போன கிழமை மார்கரெட் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் மெல்லிய தாள் ஒன்று விரித்திருந்தது. அதில் என் சுழி, ஒரு முழ உயரத்தில். வால், கொக்கி, குட்டைக் கோடு, எல்லாம் அச்சொட்டாக அப்படியே. பெரியவரின் கல்லறைக்குப் புதுக்கல் வைக்கப்போகிறார்களாம். அந்த மகனின் விருப்பப்படி பெயருக்கு மேலே இந்த அடையாளத்தை வெட்டப்போகிறார்களாம். கல் வெட்டுகிறவர் அடுத்த மாதம் தொடங்குகிறார். மூலத்தோடு ஒத்துப் பார்த்துச் சரியா என்று சொல்லுங்கள், இங்கே உங்கள் கண்ணைத்தான் நம்பலாம் என்று மார்கரெட் தாளைச் சுருட்டி என் கையில் தந்தார். பார்த்துச் சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, எதிரே இருந்த பெண்பிள்ளை எனக்கு உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டாள்.

அம்மா தாளை விரித்துப் பார்த்தவுடன் தலையில் கைவைத்தார். "கடவுளே, அந்த மனுசன் வேதக்காரர். அவற்ற கல்லறையில பிள்ளையாரோ? பிள்ளையார் பொறுத்துக்கொள்ளுவார், அந்த மகன் நாளைக்கு அறிஞ்சால் பொறுப்பாரே?" நான் தாளைத் திரும்பச் சுருட்டினேன். "இன்னும் என்னத்துக்கப்பா பயம்? கடதாசி வந்து அஞ்சு வருசம்" என்றார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார்: "ஸ்டேஷனில பிள்ளை கேட்டது எனக்குக் கேட்டது. அவளுக்கு என்ன சொல்லப் போறீங்கள்?" அம்மாவும் அன்று உன்னோடு சேர்ந்து எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தவர்தான். அந்தப் பாரத்தை அவர் ஒருநாளும் என்னிடம் சொல்லிக்காட்டியதில்லை.

மூன்று நாளாக இங்கிலீசில் இரண்டு கடிதம் எழுதினேன், ஒன்று மார்கரெட்டுக்கு, மற்றது அந்த மகனுக்கு. நேரில் போனால் என் வாய் 'குட் மோர்னிங்' சொல்லிவிட்டுத் திரும்பிவிடும், அதை எனக்குத் தெரியும். முதலில், கடிதங்களை உனக்கு அனுப்பி, பிழை திருத்தித் தபாலில் போடு என்று சொல்ல நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, திரும்பவும் என் பயத்தை உன் கையில் கொடுக்கப் பார்க்கிறேன் என்று. பிழையோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த மகனுக்கு எழுதியது: சுழி என்னுடையது, ஆறு வரியும் உங்கள் தகப்பனுடையது, அதில் ஓர் எழுத்தையும் நான் தொடவில்லை. தொடங்குகிற காரியம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று எங்கள் ஆட்கள் போடுகிற அடையாளம் அது, உங்கள் தகப்பன் முடிக்காத கடிதத்தில் என் கை தவறிப் போட்டுவிட்டது. அது அவருக்கு ஆறுதலாக இருக்குமா, நெஞ்சை உடைக்குமா தெரியாது.

இன்று காலை பத்து மணிக்கு இரண்டையும் சிவப்புத் தபால்பெட்டிக்குள் போட்டேன். போட்ட கையோடு, பெட்டியின் வாய்க்குள் விரலை விட்டு எடுக்கலாமா என்றும் பார்த்தேன். எடுக்க முடியாது. ஒரு கிழவி நாயோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் பேனையை வாங்கி, இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். வேலை போகலாம், பென்சனுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது. பத்திரிகையில் போட்டுச் சிரிக்கலாம். இவர்களை உள்ளே விட்டது பிழை என்று யாராவது சொல்லலாம், அதற்குத்தான் மிகவும் பயமாக இருக்கிறது, ஏனென்றால் அது என்னோடு நிற்காது, உன் வகுப்பறை வரை வரும். அப்படி வந்தால் என்னை மன்னித்துக்கொள். தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே. அம்மா இந்த மேசையில் வைத்த தேத்தண்ணீர் மூன்றாம் முறையும் ஆறிவிட்டது.

ஸ்டேஷனில் சொன்ன புத்திமதிகளையெல்லாம் மறந்துவிடு. பூட்டை மட்டும் பார். நீ இப்போது ரீச்சர். உன் வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி, நம்பவே முடியாத ஒன்றை உரத்த குரலில் சொல்லும். அதன் தாயோ தகப்பனோ பக்கத்தில் நின்று, அது கதை கட்டுகிறது என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நம்பாதே. முதலில் பிள்ளை காட்டுகிற இடத்தைப் போய்ப் பார். உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால், பயப்படாமல் வளர்க்க உன்னாலும் முடியாது, ஒருவராலும் முடியாது. ஆனால் நீ தப்புவதற்காக அதைப் பொய்க்காரி ஆக்காதே. நான் அதைச் செய்தேன். உன் பதினாலு வயதிலிருந்து நீ எனக்கு ஒன்றையும் ஓடிவந்து காட்டியதில்லை. மார்க் அட்டையைக்கூட மேசையில் வைத்துவிட்டுப் போவாய். வேலை கிடைத்த கடிதத்தையும் அப்படித்தான் வைத்தாய். அன்று நான் இழந்தது அதைத்தான். விமானத்தில் ஏற்றி அனுப்பியிருந்தால்கூட இவ்வளவு போயிருக்காது.

மார்கரெட்டுக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில் ஒன்று கேட்டிருக்கிறேன். வருகிற நீண்ட வார இறுதியில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அவரும் அந்த மகனும் நாலாவது கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று. என்ன பேசுவதாக இருந்தாலும் அங்கே வைத்துப் பேசட்டும். நீயும் வா. அம்மா ஓவர்கோட் இல்லாமல் சேலையோடு வரப்போகிறாராம், குளிர்ந்தால் குளிரட்டும் என்கிறார். நீ வந்து ஒன்றும் புதிதாகச் சொல்ல வேண்டாம். அன்றைக்குப் போலக் கண்ணாடியில் விரலை வை, வாலைக் காட்டு, குட்டைக் கோட்டைக் காட்டு, அன்று சொன்னதையே அந்த உரத்த குரலில் இன்னொரு தரம் சொல். என் கை அன்றும் நடுங்கும், அதைப் பார்க்காதே. எல்லாருக்கும் முன்னால் இந்த முறை நான் ஓம் என்று சொல்வேன்.

அப்பா